ஆறு வெள்ளி ரூபாய்கள், ஐம்பதாயிரம் விலை: ஒரு பேரத்தின் நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. ஒரு வியாபாரி தன் மேசையில் ஆறு பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களை ஒரே தட்டில் வைத்திருந்தார். ஃபிளிப்புகளில், அதாவது காசைப் போட்டு வைக்கும் சிறு பிளாஸ்டிக் உறைகளில், தனித்தனியாக எழுதியிருந்த விலைகளைக் கூட்டினால் 54,800 வந்தது. "ஒரே கையா எடுத்துக்கிட்டா அம்பதாயிரம் போதுங்க தம்பி" என்றார். வாங்க வந்தவர் என் நண்பர், வங்கி ஊழியர், சேர்க்கத் தொடங்கி அதிக காலம் ஆகாதவர். எதை வாங்கலாம், என்ன விலைக்கு வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூட்டிப் போயிருந்தார். கடைசியில் ஆறில் இரண்டை மட்டும் 6,800 ரூபாய்க்கு வாங்கினார். மற்ற நான்கை ஏன் விட்டோம், அந்த இரண்டுக்கு இந்த விலை எப்படி வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வியாபாரி ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அப்படி நினைக்கவும் இல்லை. அவர் விலை போட்ட விதம்தான் நம் ஊர் மேசைகளில் பெரும்பாலும் நடப்பது. ஆண்டைப் பார்த்து விலை போடுகிறார்கள். நான் ஆண்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். நாணயத்தின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பது முதலில் முடிவாக வேண்டும். அது முடிவாகாமல் ஆண்டுக்கு விலையே கிடையாது.

தட்டில் இருந்தவை

1840ஆம் ஆண்டு விக்டோரியா, கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய், 3,500. 1862 விக்டோரியா, 3,000. 1907 ஏழாம் எட்வர்டு, 2,500. 1911 ஐந்தாம் ஜார்ஜ், 9,000. அதே ஜார்ஜின் 1918, வெறும் 1,800. கடைசியாக ஆறாம் ஜார்ஜின் 1939, 35,000. நண்பரின் கண் அந்தக் கடைசி நாணயத்தை விட்டு நகரவே இல்லை.

எல்லா ஃபிளிப்பிலும் தரம் எழுதியிருந்தது. மூன்றில் 'யூஎன்சி', அதாவது புழக்கத்துக்கே போகாதது. இரண்டில் 'எக்ஸ்எஃப்', அதாவது மிக உயரமான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தது. 1840இல் 'விஎஃப்', நன்றாகப் புழங்கியிருந்தாலும் முக்கிய விவரங்கள் தெளிவாகத் தெரிவது. இவற்றுக்கு நடுவே 'ஏயூ' என்று ஒரு படி உண்டு. புழக்கத்துக்குப் போனதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மிகச் சிறிய தேய்வு. பணத்தில் பெரிய வித்தியாசம் இந்தப் படியைச் சுற்றித்தான் வருகிறது. நம் மேசைகளில் 'யூஎன்சி' என்ற மூன்று எழுத்துக்குப் பெரும்பாலும் 'பளபளக்கிறது' என்பதைத் தாண்டிப் பொருள் கிடையாது.

தரத்துக்கு எண் கொடுக்கும் பழக்கம் விலைக் கணக்காகத்தான் தொடங்கியது. 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் அந்நாட்டின் பழைய செப்பு சென்ட்களுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70 வாங்கும் காசு, 1 வாங்கும் காசைப் போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. சந்தை அந்த விகிதத்தைச் சீக்கிரமே உடைத்துவிட்டது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மேலே போடும் எண் இந்த அளவுகோலின் வாரிசுதான். இவை 1986, 1987 ஆண்டுகளில் தொடங்கியவை. அந்தப் பெட்டியை நம்மவர்களும் 'ஸ்லாப்' என்றே சொல்கிறார்கள்.

தராசு சொன்னது

முதலில் அடிமட்ட விலை. 1835ஆம் ஆண்டுச் சட்டம் ரூபாயின் எடையை 180 கிரெயின் என்று நிர்ணயித்தது. ஒரு தோலா, இன்றைய அளவில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. தூய வெள்ளி மட்டும் 10.69 கிராம். அரசர்கள் மாறினார்கள், முகங்கள் மாறின, ஆனால் இந்தக் கணக்கு நூறு ஆண்டுக்கு மேல் மாறவில்லை. 1940இல்தான் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதே 11.66 கிராமில் 5.83 கிராம் மட்டுமே வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம்.

அன்று வெள்ளி கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்ததால் கணக்கு எளிது. பழைய தரத்து ரூபாய் எதுவானாலும் உருக்கு மதிப்பு ஏறக்குறைய 1,070. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், வெள்ளிக்கடையில் கொடுத்தால் இன்னும் குறைத்துத்தான் எடுப்பார்கள். இதற்குக் கீழே யாரும் விற்க மாட்டார்கள். இதற்கு மேலே கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாணயம் காரணம் காட்ட வேண்டும்.

பக்கத்து மேசைக்காரரிடம் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருந்தது. 1840 நாணயம் 11.52 கிராம், தேய்வுக்குச் சரியான எடை. 1907 நாணயம் 11.55. 1911 நாணயம் 11.61. 1918 நாணயம் 11.65, கிட்டத்தட்ட அச்சிட்ட அன்று இருந்த எடை. 1939 நாணயம் 11.63. 1862தான் 11.71 காட்டியது. தேய்ந்துபோன நாணயம் எப்படிச் சட்ட எடையைவிட அதிகமாக இருக்கும்? அதற்கு விடை விளிம்பில் இருந்தது.

ஃபிளிப்பிலிருந்து எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். எடுத்துப் பார்க்க விடாத மேசையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து, கீழே துணி விரித்து, ஒரே ஒரு மேசை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தோம். மண்டபத்து டியூப்லைட்டுகளின் பரவிய வெளிச்சத்தில் எல்லா வெள்ளியும் நல்ல வெள்ளியாகத்தான் தெரியும்.

மூன்று நாணயங்கள், மூன்று காயங்கள்

1862இல் விக்டோரியாவின் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. அந்த இடத்தில் பக்கவாட்டு வரிகள் அழிந்து, அரம் போட்ட தடம் தெரிந்தது. காசுமாலையிலோ அரைஞாணிலோ தொங்கவிட வளையம் பற்றவைத்து, பிறகு வெட்டி எடுத்திருக்கிறார்கள். கூடுதல் எடை அந்தப் பற்றாசின் மிச்சம். நம் ஊர்களில் கிடைக்கும் ராணி காசுகளில் இந்தக் காயம் சாதாரணம். விளிம்பின் உச்சியை விரல் நகத்தால் வருடினாலே பலவற்றில் தெரிந்துவிடும். இந்த வகையில் இன்னொரு விஷயமும் உண்டு. 1862 என்று போட்ட ரூபாய் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அச்சிட்டதல்ல. 1870களின் தொடக்கம் வரை அதே ஆண்டைப் போட்டே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஆண்டுக்காக எந்தக் கூடுதல் விலையும் கிடையாது. வெள்ளி விலை, அதற்கு மேல் ஒரு டீக்காசு. நாங்கள் வைத்த மதிப்பு 1,100. அவர் 2,500க்குக் கீழே வரவில்லை.

1907 நாணயம் தட்டிலேயே அதிகமாக மின்னியது. நண்பருக்குப் பிடித்திருந்தது, எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பினால், அச்சிலிருந்து வந்த அசல் பளபளப்பு ஒளிக்கீற்றாகத் தெரிந்து நாணயத்தைச் சுற்றி ஓடும். அச்சில் அழுத்தும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி வழிவதால் உண்டாகும் நுண்ணிய வரிகள்தான் அப்படி ஒளியைச் சுழற்றுகின்றன. இந்தக் காசில் ஒளி சுழலவில்லை. முழுப்பரப்பும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்தது. பத்து மடங்கு லென்ஸில் வட்டவட்டமாகக் கீறல்கள், எழுத்துகளின் மூலைகளில் வெள்ளைப் பொடி. பூசையறையில் இருந்த காசு. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்து இதற்கும் திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளிச் சொம்புக்கு அது நல்ல வைத்தியம்தான், ஆனால் நாணயத்தின் மேல்தோல் அதோடு போய்விடும், திரும்ப வராது. எட்வர்டின் காதும் புருவமும் ஏற்கெனவே தட்டையாகியிருந்தன. இந்திய நாணயங்களில் அவர் கிரீடம் இல்லாமல் இருப்பதால் தலைமுடி, காது, புருவம் ஆகிய மூன்றும்தான் தேய்வைக் காட்டும். விஎஃப் தேய்வு, அதன்மேல் கடுமையான சுத்தம். ஃபிளிப்பில் எழுதியிருந்ததோ யூஎன்சி.

தேய்த்தது ஒரு வகை என்றால், திரவத்தில் முக்கி எடுப்பது இன்னொரு வகை. அதில் கீறல் இருக்காது, கண்டுபிடிப்பதும் கடினம். அமிலக் கரைசல் கறுப்போடு சேர்த்து வெள்ளியின் மேற்படலத்தையும் கரைத்துவிடும். ஒரு முறை கவனமாக முக்கியதைச் சந்தை பொறுத்துக்கொள்கிறது. பல முறை முக்கிய நாணயம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல உயிரற்று இருக்கும். கறுத்த நாணயத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். காற்றிலுள்ள கந்தகம் பல பத்தாண்டுகளாகப் படியவைத்த கறுப்பு, கீழே உள்ள பரப்பு யார் கையும் படாதது என்பதற்குப் பெரும்பாலும் சாட்சி.

1840 இந்த மூன்றில் நல்லது. தேய்வு நேர்மையாக இருந்தது, நிறமும் இயல்பான சாம்பல். ஆனால் பக்கவாட்டில் ஒரு வெட்டு. அந்தக் காலத்துச் சராப்புகள், அதாவது காசைச் சோதித்து மாற்றித் தரும் வணிகர்கள், உள்ளே செம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க உளியால் போட்டது. படுக்கவைத்தால் தெரியாது, அதனால்தான் ஃபிளிப்பிலும் தெரியவில்லை. வரலாற்றுச் சுவைக்காக அதை விரும்புகிறவர்கள் உண்டு, விலையில் மட்டும் யாரும் மன்னிப்பதில்லை. எங்கள் மதிப்பு 1,800.

1918: எல்லோரிடமும் இருக்கும் காசு

மலிவான காசு என்பதால் தட்டின் ஓரத்தில் கிடந்தது இதுதான். விளக்கின் கீழே திருப்பியவுடன் ஒளிக்கீற்று முழுச் சுற்றும் உடையாமல் ஓடியது. கிரீடத்துக்குள்ளும் அங்கியின் மடிப்புகளுக்குள்ளும் அதே ஒளி. கன்னத்தில் இரண்டு மூன்று சிறிய தட்டல் குறிகள் இருந்தன. அவை நாணயச் சாலையிலிருந்து மூட்டையில் வரும்போது மற்ற காசுகளோடு மோதியவை, புழக்கத் தேய்வு அல்ல. புருவத்தின் உச்சியில் மட்டும் கொஞ்சம் மங்கல். அது தேய்வா, அச்சு அங்கே சரியாக அழுந்தாததா என்று பார்க்க வேண்டும். மங்கிய இடத்தில் நிறம் மாறியிருந்தால் தேய்வு. பளபளப்பு அப்படியே இருந்து வடிவம் மட்டும் மழுங்கியிருந்தால் அச்சின் குறை. இங்கே நிறம் மிக லேசாக மாறியிருந்தது. ஆகவே ஏயூ, அதிலும் மேல்பக்கம். வியாபாரி எழுதியிருந்ததோ எக்ஸ்எஃப். அவர் தரத்தைக் குறைத்து எழுதியிருந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

1918 ஏன் இவ்வளவு மலிவு? முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து வாங்கிய சரக்குக்கும் படைகளுக்கும் ரூபாயில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, வெள்ளி போதவில்லை. காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் போனது. 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றி, கருவூலத்தில் இருந்த 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில், இந்திய ரூபாய்க்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அந்தக் கால ஜார்ஜ் ரூபாய்களில் ஒரு பகுதி, உருகிய 'மார்கன்' வகை அமெரிக்க வெள்ளி டாலர்தான். அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு அதனால் ஒரு தலைவலி உண்டு. எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகியது என்று கணக்கு வைக்காததால், அச்சிட்ட எண்ணிக்கையை வைத்து எது அரிது என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. எத்தனை அச்சிட்டார்கள் என்ற பட்டியலைப் பார்த்து விலை போடுவது எங்கேயுமே பாதிக் கணக்கு. எத்தனை மிஞ்சின, மிஞ்சியதில் எத்தனை தேய்க்காமல் மிஞ்சின என்பது மீதிப் பாதி. 1918 கோடிக்கணக்கில் அச்சானது, உண்மை. இந்த மேற்பரப்போடு இருப்பதை ஒரு மண்டபம் முழுக்கத் தேடினால் சிலதான் கிடைக்கும். 1,800 கேட்டார். பேரம் பேசாமல் கொடுக்கலாம் என்று நண்பரிடம் காதோடு சொன்னேன்.

1911: யானையா பன்றியா

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து வெளியான முதல் ரூபாய் இது. அரசரின் உருவத்தைச் செதுக்கியவர் பெர்ட்ரம் மெக்கென்னல். அங்கியின் மேல் கிடக்கும் சங்கிலியில் ஒரு யானை உண்டு. துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 94 லட்சம் ரூபாய்கள் அச்சாகியிருந்தன. 7 லட்சம் அளவுக்கே வெளியே போயிருந்தன, மீதியை அரசு உருக்கிவிட்டது. 1912 முதல் துதிக்கையைத் திருத்திய யானை வந்தது. அதனால் 1911 'பன்றி ரூபாய்' என்ற பெயரோடு நிலைத்துவிட்டது.

கதை நன்றாக இருக்கும்போது விலை எப்போதும் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். "பன்றி ரூபாய்ங்க தம்பி, இனிமே கண்ணுலயே பாக்க முடியாது" என்றார். ஏழு லட்சம் வெளியே வந்த நாணயம் அவ்வளவு சீக்கிரம் கண்ணிலிருந்து மறையாது. பெரிய ஏலங்களில் அடிக்கடி வருகிறது. அரிது என்பதைவிட, கேட்பவர்கள் அதிகம் என்பதுதான் சரி.

காசு எப்படி? பின்புறப் பூக்கொடியின் பள்ளங்களில் நீலச் சாம்பலாகப் படிந்த கறுப்பு, மேட்டில் இயல்பான வெள்ளி நிறம். கீறல் இல்லை, பொடி இல்லை, விளிம்பில் பற்றாசு இல்லை. ஐந்து மணி முள் நிற்கும் இடத்தில் சிறிய நசுங்கல் ஒன்று. புருவமும் காதின் மேல்பாதியும் தேய்ந்திருந்தன. அங்கியின் சித்திரவேலை பாதி அழிந்திருந்தது, யானையின் முதுகு வழவழப்பு, கால்கள் தெரிந்தன. விஎஃப், கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் விஎஃப்பின் மேல்பக்கம். ஃபிளிப்பில் எக்ஸ்எஃப்.

விலைக்கு நண்பர் தயாராகவே வந்திருந்தார். முடிந்த ஏலங்களின் விற்பனை விலைகளை, படத்தோடு, கைபேசியில் சேர்த்து வைத்திருந்தார். விற்பனை விலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் விற்பனைக்கு வைத்திருப்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி வலை விரித்தவர்களால் 2021இல் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டிவந்தது. ஏல விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேரும். இரண்டு விலைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் அவை சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காவிட்டால் கணக்கு தப்பாகும்.

அவர் சேர்த்து வைத்ததில் விஎஃப் தரத்தில் போனவை எல்லாம் சேர்த்து 4,000 முதல் 5,500 வரை. ஒன்று மட்டும் பல மடங்கு போயிருந்தது. அது ஸ்லாப்பில் இருந்த, புழங்காத காசு. வியாபாரியின் 9,000 அந்த ஒன்றைப் பார்த்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நண்பர் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் யானையைப் பெரிதாக்கி, இந்தக் காசின் யானையோடு வைத்து அவரும் வியாபாரியும் பார்த்தார்கள். பேரத்தில் வாயால் பேசுவதைவிட இது வேலை செய்தது. 4,500 என்று தொடங்கி, 5,000இல் முடிந்தது.

1939: எல்லாச் சோதனையிலும் தேறிய காசு

பழைய தரத்து வெள்ளியில் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் 1938, 1939 என்ற இரண்டு ஆண்டுகளோடு மட்டுமே வந்தது, பம்பாய் நாணயச் சாலையில். போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள், அரசு அடுத்த ஆண்டே வெள்ளியைப் பாதியாக்கியது. 1940களின் தொடக்கத்தில் பழைய தரத்து ரூபாய்களைப் புழக்கத்திலிருந்தும் திரும்பப் பெற்றது. 1939 மிகச் சிலவே மிஞ்சின. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் எல்லோரும் தேடும் ஆண்டு இது. அதனாலேயே போலிகள் மலிந்த ஆண்டும் இதுதான்.

35,000 என்பதே எனக்கு முதல் சந்தேகம். நல்ல நிலையில் உள்ள அசலுக்கு அது மிகக் குறைவு. தன்னிடம் இருப்பது அசல் 1939 என்று நம்பும் வியாபாரி அதைக் கண்காட்சித் தட்டில் மற்ற ஐந்தோடு போட்டு வைக்க மாட்டார், ஏல நிறுவனத்துக்கு அனுப்புவார். "செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டுப் பெட்டியில இருந்து வந்தது" என்று கதையும் சொன்னார். எல்லாக் கதைகளும் ஏன் செட்டிநாட்டிலிருந்தே வருகின்றனவோ!

சோதனைகளுக்கு வருவோம். எடை சரி. காந்தத்தில் ஒட்டவில்லை. பக்கவாட்டில் சாதாரண வரிகள். இது முக்கியம், ஏனென்றால் 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்களுக்குப் பக்கவாட்டு வரிகளுக்கு நடுவே பாதுகாப்புப் பள்ளம் உண்டு. ஆகவே 1940க்குப் பிந்தைய காசின் ஆண்டைத் திருத்தியதல்ல இது. அடர்த்தியும் பார்த்தோம். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால் தராசு காட்டும் எடைதான் காசு இடம்பெயர்த்த நீர். 1.13 கிராம் காட்டியது. 11.63ஐ 1.13ஆல் வகுத்தால் 10.3. பழைய தரத்து வெள்ளிக்குச் சரியான அடர்த்தி. பாதி வெள்ளியாக இருந்திருந்தால் 9.5ஐ ஒட்டி வந்திருக்கும்.

நண்பரின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தில்தான் பலரும் பர்ஸைத் திறக்கிறார்கள். ஆனால் இந்தச் சோதனைகள் சொன்னது ஒன்றே ஒன்று: இது பழைய தரத்து வெள்ளியில், சரியான எடையில் செய்த ரூபாய். 1938ஆம் ஆண்டு ரூபாயும் அப்படித்தான் இருக்கும். அதன் விலைக்கும் 1939இன் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எட்டின் கீழ்வளையத்தில் இடதுபக்கத்தைச் சுரண்டி எடுத்தால் ஒன்பது வந்துவிடும். உண்மையான காசில் பொய்யான ஓர் எண். தராசுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஒன்பது அந்தக் காசிலேயே இருக்கிறது. இருபது மடங்கு லென்ஸில் இரண்டு ஒன்பதுகளையும் மாறி மாறிப் பார்த்தோம். முதல் ஒன்பதின் தலை பெரிதாக, உருண்டையாக இருந்தது. கடைசி ஒன்பதின் தலை சிறியது, எட்டின் மேல்வளையம் போல. அதன் இடதுபக்கம் தரை மட்டும் ஒரு கோடு அளவுக்குத் தாழ்ந்து, அங்கே மட்டும் சுரண்டிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. மற்ற இடத்தில் சுழன்ற ஒளி அந்தச் சிறு திட்டில் நின்று, மறுபக்கம் மீண்டும் தொடர்ந்தது. கறுப்பும் அப்படியே. மற்ற மூன்று எண்களின் அடியிலும் படிந்திருந்தது, நான்காவதன் இடதுபக்கம் இல்லை.

எனக்கு இது போதும். ஆனாலும் வியாபாரியிடம் "போலி" என்ற சொல்லை எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு சண்டையில்தான் முடியும், பலருக்கு முன்னால் அவருக்கும் இறங்கிவர வழி இருக்காது. பதிலாக நண்பர் இப்படிக் கேட்டார்:

"அண்ணா, நீங்களே இதைத் தரச்சான்றுக்கு அனுப்பி ஸ்லாப்ல வாங்கிட்டு வாங்க. அசல்னு வந்துச்சுன்னா நீங்க சொன்ன விலையோட அந்தச் செலவையும் நானே தர்றேன்."

அவர் சிரித்தார். "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க தம்பி. பார்த்த பார்வைக்கு எடுத்துக்கோங்க, முப்பதுக்குக் கூடத் தர்றேன்."

ஐந்தாயிரம் ஒரு வாக்கியத்தில் குறைந்தது. அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

இந்தத் தரச்சான்று யோசனையில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1939க்கு அந்தத் தடை இன்னும் வரவில்லை. நண்பர் வாங்கிய 1911, 1918 இரண்டுக்கும் உண்டு. அவற்றை அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்வது நல்லது. எப்படியும் 1,800 ரூபாய்க் காசுக்கு அவ்வளவு செலவு செய்வதில் அர்த்தமில்லை. ஸ்லாப்பே போலியாகவும் வருகிறது. அதன்மேல் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு ஒப்பிடாமல் ஸ்லாப்பை நம்புவதும் ஆண்டைப் பார்த்து விலை போடுவது போலத்தான்.

பில்லும் அதன் பிறகும்

பணம் கொடுக்கும் முன் பில் கேட்டோம். 'பழைய நாணயம் 2' என்று எழுதத் தொடங்கியவரிடம், ஆண்டு, நாணயச் சாலை, எடை, 'சுத்தம் செய்யாதது' என்ற சொற்களோடு எழுதச் சொன்னார் நண்பர். 1918இன் பின்புறம் தாமரைக்குக் கீழே சிறு புள்ளி இருந்ததால் பம்பாய். 1911இல் புள்ளி இல்லை, கல்கத்தா. அசல் இல்லை என்று பின்னால் தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியைத் தயங்காமல் எழுதினார் வியாபாரி. 1939க்கு அதே வரியை எழுதியிருப்பாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

வெளியே வரும் வழியில், வாங்கிய இரண்டையும் இன்னொரு மேசையில் காட்டி, "எடுத்துக்கொள்வதானால் என்ன தருவீர்கள்" என்று கேட்கச் சொன்னேன். 1911க்கு 3,500, 1918க்கு 1,600 என்றார் அந்த மேசைக்காரர். வாங்கிய விலையிலேயே யாரும் அங்கே திருப்பி எடுக்க மாட்டார்கள், அவர் பிழைப்பும் நடக்க வேண்டுமே. ஆனால் இந்த இடைவெளி எவ்வளவு என்பது வாங்கிய விலை நியாயமா என்று சொல்லிவிடும். 1911இல் 1,500 இடைவெளி, கொஞ்சம் கனம்தான், 4,500இல் நின்றிருக்கலாம். 1918இல் 200. ஏயூ மேற்பரப்புக்கு எக்ஸ்எஃப் விலை கொடுத்ததன் பலன். ஐம்பதாயிரம் கொடுத்து மொத்தத்தையும் எடுத்திருந்தால் அந்த மேசையில் என்ன கிடைத்திருக்கும் என்று நண்பர் நடந்துகொண்டே கணக்குப் போட்டார். 1939ஐ 1938ஆகக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். சுரண்டிய காசு, வெள்ளி விலைதான். 1862க்கும் 1907க்கும் அதேதான். எப்படிக் கூட்டினாலும் பத்தாயிரத்தைத் தொடவில்லை.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான் சொன்னேன்: வியாபாரியின் மென்மையான பிவிசி ஃபிளிப்புகளைத் தூக்கிப் போடுங்கள். நம் வெக்கையில் அந்தப் பிளாஸ்டிக் கசிந்து வெள்ளியின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும், பிறகு அது அரிக்கும். மைலார் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர்கள் சில ரூபாய்தான். ரப்பர் பேண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் கறுப்பைக் கோடாகப் போட்டுவிடும்.

சில நாள் கழித்து வியாபாரியே நண்பருக்கு போன் செய்தார். 1840ஐ 2,200க்குத் தருவதாகச் சொன்னார். நண்பர் பக்கவாட்டு வெட்டை நினைவூட்டி, 1,800 என்றார். "இன்னும் ஒரு நூறு சேர்த்துச் சொல்லுங்க தம்பி" என்று இழுத்தார் அவர். இன்னும் படியவில்லை.